உரைகல்லும் நிறமாலையும்

இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நிறமற்ற, சற்றுக் கொழகொழப்பான திரவம். முகர்ந்து பார்த்தால் வாசனை இல்லை. இரண்டும் இனிக்கும். இரண்டும் தண்ணீரில் எவ்வளவு ஊற்றினாலும் கலந்துவிடும். ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால். இருமல் மருந்தில் மருந்துப் பொருளைக் கரைத்து வைக்கப் பயன்படுவது. மற்றது டை எத்திலீன் கிளைக்கால்; தொழிற்சாலைக் கரைப்பான். உள்ளே போனால் சில நாட்களில் குழந்தையின் சிறுநீரகத்தை முடக்கிவிடும்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1970களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள் இதனால் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தவுடன் விடை கிடைத்துவிட்டது. சோதித்தது குழந்தைகள் இறந்த பிறகு என்பதுதான் மனதை அறுக்கிறது.

கண்ணும் மூக்கும் நாக்கும் பிரித்தறிய முடியாத இரண்டு பொருள்களை ஓர் ஆய்வகம் எப்படிப் பிரிக்கிறது? நிறமாலையியல் என்று நாம் மொத்தமாகச் சொல்வது ஒரே கருவியை அல்ல. தனித்தனிக் கண்கள் கொண்ட ஒரு குடும்பத்தை. அந்தக் கண்கள் எதைப் பார்க்கும் என்பதைப் பாடப்புத்தகங்கள் நன்றாகவே சொல்கின்றன. எதைப் பார்க்காது என்பதும் அதே அளவுக்குச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

நகைக்கடையிலிருந்து தொடங்குவது எளிது. பொன்னின் மாற்றுப் பார்க்கும் ஆசாரி நகையை உரைகல்லில் ஒரு கோடு உரைப்பார். அதன் பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் தடவி, எது எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார். பக்கத்தில் ஆணியின் கோடு இல்லாவிட்டால் நகையின் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. நிறமாலையின் அடிப்படையும் இதுதான். ஒரு பொருள் ஒளியை எப்படி விழுங்குகிறது, உமிழ்கிறது, சிதறடிக்கிறது என்பது நகையின் கோடு. ஏற்கெனவே இன்னதென்று தெரிந்த பொருளின் நிறமாலை, ஆணியின் கோடு. ஒப்பிடாமல் அடையாளம் காண்பது என்று ஒன்று கிடையாது.

இந்த ஒப்பீட்டை முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் ஹைடல்பர்க் நகரின் புன்சனும் கிர்க்காஃபும். 1859, 1860 ஆண்டுகளில் ஒவ்வொரு தனிமத்தையும் சுடரில் காட்டி, அது உமிழும் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, எந்தத் தனிமத்துக்கு எந்தக் கோடு என்று வரைந்தார்கள். பிறகு டுர்க்கைம் ஊற்று நீரில், தாங்கள் வரைந்த எதனோடும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகளைக் கண்டார்கள். அந்த நீரை 44,000 லிட்டருக்கு மேல் காய்ச்சிச் சுண்ட வைத்த பிறகு கிடைத்தது ஏழு கிராம் அளவிலான சீசியம் குளோரைடு. கோடு முதலில், பொருள் பிறகு.

ஆனால் பொருந்தாத கோடு எப்போதும் புதுத் தனிமத்தைத்தான் காட்டும் என்பதில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்து ஆந்திரக் கரையில் தெரிந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வான்காணகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தார்கள். அங்கே தெரிந்த மஞ்சள் கோடு, ஏறத்தாழ 587.6 நானோமீட்டர். சோடியத்தின் மஞ்சள் கோடுகளோ 589.0, 589.6. சிறிய விலகல்தான். வானியலாளர் லாக்கியர் அதைப் புதுத் தனிமம் என்றார்; ஹீலியம் என்று பெயரும் வந்தது. 1895இல் ராம்சே அதைப் பூமியின் ஒரு கனிமத்திலேயே கண்டெடுத்தார். அதே தர்க்கம் வேறு இரண்டு இடங்களில் பொய்த்தது. ஒண்முகில்களின் பச்சைக் கோட்டுக்கு நெபுலியம் என்றும், சூரிய ஒளிவட்டத்தின் பச்சைக் கோட்டுக்குக் கரோனியம் என்றும் தனிமங்களைக் கற்பித்தார்கள். முதலாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று 1927இல் போவன் காட்டினார். இரண்டாவது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. பழகிய பொருள்தான், பழகாத நிலையில் இருந்தது. ஒப்பிட ஆணி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இந்த மூன்று கோடுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹீலியத்தை மட்டும் சொல்வது பாதி வரலாறு.

ஒளி என்பது கண்ணுக்குத் தெரிவது மட்டுமல்ல. எக்ஸ் கதிர் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரானைத் தட்டி எழுப்பும். புற ஊதாவும் கண்ணுறு ஒளியும் வெளிக்கூட்டு எலக்ட்ரானை. அகச்சிவப்பு, அணுக்களைக் கட்டியிருக்கும் பிணைப்புகளை அதிர வைக்கும். ரேடியோ அலை, வலுவான காந்தத்துக்குள் இருக்கும் அணுக்கருவைத் திருப்பும். ஆக, எந்த அலையை அனுப்புகிறோமோ அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறோம். பொருளும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. புற ஊதா–கண்ணுறு நிறமாலையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அதன் முகடுகள் அகலமான மேடுகள்; எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அருமையான முறை, எது என்று அடையாளம் சொல்ல வலுவில்லாதது.

அகச்சிவப்புதான் வேதியியல் மாணவர்களுக்கு முதலில் பழகும் முறை. ஆய்வகத்தில் ஐ.ஆர் என்றே சொல்வார்கள், முகட்டைப் பீக் என்பார்கள். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் 1700 அலை எண்ணை ஒட்டி ஒரு கூர்மையான முகடு விழும். அதற்குப் பக்கத்தில் எது ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது நகரும். ஆஸ்பிரின் மாத்திரையில் எஸ்டரின் முகடு 1750ஐ ஒட்டியும், அமிலத்தின் முகடு 1690ஐ ஒட்டியும் இரட்டையாக நிற்கும். பாரசிட்டமாலில் அமைடின் முகடு 1650 பக்கம் இறங்கிவிடும். 1500க்குக் கீழே உள்ள பகுதி இன்னும் நெரிசலானது. ஒவ்வொரு முகட்டுக்கும் காரணம் சொல்ல முடியாது, ஆனால் மூலக்கூறு முழுவதும் சேர்ந்து அதிர்வதால் அந்தக் கூட்டம் ஒவ்வொரு சேர்மத்துக்கும் வேறு. அதனால்தான் அதைக் கைரேகைப் பகுதி என்கிறோம்.

இந்த முறை எங்கே ஏமாற்றும் என்பதைச் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஐ.ஆர் எடுத்த எவரும் அறிவார்கள். திண்மப் பொருளாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிகிராமை 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அகேட் உரலில் அரைத்து, அழுத்தியில் வைத்து வில்லையாக்குவது பழைய வழக்கம். நல்ல வில்லை கண்ணாடி போல இருக்கும். பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. மழைக்காலத்தில் உரலில் அரைக்கும் நேரத்திலேயே காற்றிலிருந்து நீர் ஏறிவிடும். வில்லை வெளுத்துப் போகும். நிறமாலையில் 3400 பக்கம் ஓர் அகன்ற மேடு எழும்பும். அது உரலில் ஏறிய தண்ணீர். மாணவர் அதை ஆல்கஹால் தொகுதி என்று குறித்துக்கொண்டு, தான் தயாரிக்காத ஒரு சேர்மத்தைத் தயாரித்துவிட்டதாக நம்பிவிடுவார். சோதனைப் பொருள் சேர்க்காத வெறும் உப்பு வில்லையையும் அதே நாளில் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் இந்தக் குழப்பம் தீரும். இப்போது பல ஆய்வகங்களில் வைரப் படிகத்தின் மேல் நேரடியாகப் பொருளை வைத்து அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். வில்லையின் தொல்லை போயிற்று. தண்ணீர்த் தொல்லை போகவில்லை. நீரில் கரைந்த பொருளென்றால் நீரின் முகடுகள் மற்றவற்றை மூடிவிடும்.

தண்ணீருக்குள் பார்க்க ராமன் முறை இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தா பவுபஜார் தெருவில் கண்டது இது. திரவத்தில் விழும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே சிதறுகிறது. கோடியில் ஒரு பங்கு போன்ற சொற்பம் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. ராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன் 1923இலேயே இந்த மங்கலான மிச்ச ஒளியைப் பார்த்திருந்தார். அசுத்தத்தால் வரும் பலவீனமான ஒளிர்வு என்றே அப்போது எண்ணினார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. போகவில்லை என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் கண்டுபிடிப்பு. முதல் அறிவிப்பிலேயே அறுபது அளவிலான திரவங்களில் பார்த்துவிட்டதாக எழுதினார்கள். ஒன்றில் தெரிந்தால் அசுத்தம் எனலாம். அறுபதில் தெரிந்தால் அது பொருளின் இயல்பு.

ராமன் முறையில் தண்ணீரின் பதில் மிக மெலிது. கண்ணாடிக் குப்பிக்கும் பிளாஸ்டிக் பைக்கும் வெளியே இருந்தே பார்க்கலாம். லேசர் வந்த பிறகு கருவி கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மருந்துக் கிடங்கில் மூட்டையைப் பிரிக்காமல், உள்ளே இருப்பது சீட்டில் எழுதியிருக்கும் பொருள்தானா என்று பார்க்க இன்று அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் குருட்டுப்புள்ளி, இராமநாதன் சந்தேகப்பட்ட அதே ஒளிர்வு. மஞ்சள் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். குர்குமின் நன்றாக ஒளிரும் பொருள். சாதாரண லேசரை அதன்மேல் காட்டினால் அந்த ஒளிர்வு வெள்ளமாக எழுந்து ராமன் முகடுகளை மூழ்கடித்துவிடும். 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலை லேசருக்குப் போனால்தான் அடங்கும்.

மஞ்சளைச் சொன்னதால் அதை முடித்துவிடுகிறேன். மங்கிய மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற நிறமியைப் பூசும் வழக்கம் தெற்காசியாவில் உண்டு. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்கதேசத்தில் 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது; 2021இல் அது பூஜ்யத்துக்கு வந்தது. அதிகாரிகள் கைக்கருவியோடு மொத்தச் சந்தைக்கே போய் அந்த இடத்திலேயே காட்டியதும், அபராதம் விதித்ததும், அதை ஊருக்கெல்லாம் சொன்னதும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தக் கைக்கருவி எக்ஸ் கதிர் ஒளிர்வுமானி, எக்ஸ்.ஆர்.எப் என்பார்கள். அது தனிமத்தைக் காட்டும், சேர்மத்தைக் காட்டாது. ஈயமும் குரோமியமும் சேர்ந்து தென்பட்டால் லெட் குரோமேட் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும்.

நம் நகைக்கடைகளில் நகையைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சில விநாடிகளில் கேரட் எண்ணைத் திரையில் காட்டும் கருவியும் இதே எக்ஸ்.ஆர்.எப்தான். தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். அவற்றின் வலிமையிலிருந்து விகிதம் கிடைக்கும். 22 கேரட் என்றால் 91.6 சதவீதம், 916 முத்திரை. நகையைச் சுரண்டாமல் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் தங்கத்துக்குள் அந்தக் கதிர் போய்த் திரும்பும் ஆழம் பத்து மைக்ரான் அளவுதான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. தடித்த பொன் முலாமுக்கு உள்ளே டங்ஸ்டன் இருந்தால் கருவிக்குத் தெரியாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்தினது 19.32, எடை பார்த்தாலும் சிக்காது. இரிடியத் தூளைக் கலந்தால் வேறு சிக்கல். அதன் முகடு 9.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி விழும். தங்கத்தின் முகடு 9.7. மலிவான உணரி உள்ள கருவியில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விடும். ஆகவே ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்.ஆர்.எப் முதல் வடிகட்டல் மட்டுமே. இறுதி வார்த்தை இன்றும் நெருப்புச் சோதனைக்கு. துணுக்கை வெட்டி, வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி உலையில் உருக்கி, மிஞ்சியதை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, தங்கத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் அந்தப் பழைய வழிக்கு.

தனிமத்துக்கும் சேர்மத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு வரைபடம் துலக்கமாகக் காட்டியது. 1965இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட வின்லாந்து வரைபடம், கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்கக் கரையைக் காட்டும் 15ஆம் நூற்றாண்டுப் படம் என்று கொண்டாடப்பட்டது. மையில் டைட்டானியம் தென்பட்டது. டைட்டானியம் மண்ணிலும் உண்டு, ஆகவே அது மட்டும் எதையும் நிரூபிக்காது என்று ஆதரவாளர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் ராமன் முறையில் பார்த்தபோது அந்த மையின் மஞ்சள் ஓரங்களில் அனட்டேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு வடிவம் தெரிந்தது. ரூட்டைலும் அதே வேதி வாய்பாடுதான்; எக்ஸ்.ஆர்.எப் இரண்டையும் பிரிக்காது. ராமனில் அனட்டேஸ் 144 அலை எண்ணில் உரத்து நிற்கும், ரூட்டைல் 450, 610 பக்கம். நிறமியாக அனட்டேஸ் 1920களில்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு யேல் ஆய்வாளர்களே படம் முழுவதையும் எக்ஸ் கதிரால் வருடி, டைட்டானியம் எழுத்தின் கோடுகளோடு ஒட்டியே ஓடுவதைக் கண்டு, 2021இல் போலி என்று அறிவித்தார்கள். ஒரு முறை எந்தப் பொருள் என்றது, இன்னொன்று அது எங்கே இருக்கிறது என்றது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் வழக்கு முடிந்தது.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, நம் வழக்கில் என்.எம்.ஆர், கரிமச் சேர்மங்களின் கட்டமைப்பைச் சொல்வதில் மற்ற எல்லாவற்றையும் விட ஒரு படி மேல் என்பது என் தீர்ப்பு. 1951இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மட்டி, பேக்கார்ட் மூவரும் சாதாரண எத்தில் ஆல்கஹாலைக் காந்தத்துக்குள் வைத்தபோது ஒரு முகட்டுக்குப் பதிலாக மூன்று முகடுகள் வந்தன. பரப்பளவு விகிதம் 3:2:1. மெத்தில் தொகுதியில் மூன்று ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு, ஆக்சிஜனில் ஒன்று. மூலக்கூறே தன் ஹைட்ரஜன்களை எண்ணிச் சொன்னது. அவர்களில் ஸ்ரீனிவாஸ் தர்மட்டி பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தார். இன்றைய என்.எம்.ஆர் காந்தங்களைக் குளிர்விப்பது திரவ ஹீலியம். குண்டூர் கிரகணத்தில் கண்ட அதே தனிமம்.

நம் இரண்டு குப்பிகளை இங்கே கொண்டுவருவோம். புரோப்பிலீன் கிளைக்காலில் ஒரு மெத்தில் தொகுதி உண்டு. பக்கத்துக் கார்பனில் ஒரே ஒரு ஹைட்ரஜன். ஆகவே 1.1 பிபிஎம் பக்கம் அந்த மெத்தில் இரட்டைக் கோடாகப் பிளந்து நிற்கும். டை எத்திலீன் கிளைக்காலில் மெத்தில் தொகுதியே கிடையாது. அதன் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்கள் எல்லாம் ஆக்சிஜனுக்கு அருகே, 3.6, 3.7 பக்கம் கூட்டமாக இருக்கும், 1.1இல் வெறும் தரை. கண்ணுக்கும் நாக்குக்கும் ஒன்றாக இருந்த இரண்டு திரவங்கள் இங்கே ஒரே பார்வையில் பிரிந்துவிடுகின்றன. குறை என்னவென்றால் கருவியின் விலை, அதன் பராமரிப்பு. ஒவ்வொரு மருந்துக் கிடங்கிலும் இதை வைக்க முடியாது.

நிறை நிறமாலை ஒளியோடு தொடர்பில்லாதது என்றாலும் இந்தக் குடும்பத்தோடுதான் எல்லோரும் சேர்க்கிறார்கள். மூலக்கூறை எலக்ட்ரானால் அடித்து உடைத்து, துண்டுகளை எடைவாரியாகப் பிரிக்கும் முறை. நுண்ணிய அளவுகளைக் கண்டுபிடிப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் துண்டுகளை வைத்து முழுமையை ஊகிப்பதால், ஒரே பாகங்கள் வேறு இடத்தில் பொருந்திய சேர்மங்களிடம் தடுமாறும். சைலீனில் ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று உண்டு. மூன்றின் நிறை நிறமாலையும் ஏறத்தாழ ஒன்றே. ஐ.ஆரில் ஆர்த்தோ 740, மெட்டா 770, 690, பாரா 795 என்று மூன்றும் விலகி நிற்கும். இத்தனைக்கும் ஐ.ஆர் விலை குறைந்த கருவி.

இன்று இந்த ஒப்பீட்டைக் கணினியே செய்கிறது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனத்துடைய நிறை நிறமாலை நூலகத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. பொத்தானை அழுத்தினால் பெயரும் பொருத்தச் சதவீதமும் வந்துவிடும். இங்கேதான் மாணவர்களும், அவசரத்தில் இருக்கும் ஆய்வாளர்களும் வழுக்குகிறார்கள். நூலகம் தன்னிடம் இருப்பவற்றில் மிக நெருக்கமானதைத்தான் தரும். சரியான சேர்மம் நூலகத்திலேயே இல்லாதபோதும் ஒரு பெயர் வரும். 92 சதவீதப் பொருத்தம் என்பது அந்தப் பொருள்தான் என்பதற்கு 92 சதவீத உறுதி ஆகாது. நெபுலியத்தைப் பெற்றெடுத்த அதே இடைவெளி இது.

கேள்வியே தவறாக இருந்தால் கருவி எதுவும் காப்பாற்றாது. 2008இல் சீனாவில் பாலில் புரதம் எவ்வளவு என்று சோதித்தார்கள். அதற்குப் பயன்பட்ட கெல்டால் முறை புரதத்தைப் பார்ப்பதில்லை. நைட்ரஜனை அளந்து புரதமாகக் கணக்கிடுகிறது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனாக உள்ள மெலமினைக் கலந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சோதனைகளில் பால் தேறியது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். எவ்வளவு என்று கேட்டவர்கள், என்ன என்று கேட்கவில்லை.

மருந்துக் கரைப்பானில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது புரோப்பிலீன் கிளைக்கால்தானா என்பது ஒன்று. அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது மற்றது. முதல் கேள்விக்கு ஐ.ஆர் போதும். இரண்டாவதற்குப் போதாது, ஒரு சதவீதத்துக்கும் கீழான கலப்பு பெரிய முகடுகளின் தோளில் மறைந்துவிடும். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். அதைப் பிடிக்க வாயு வண்ணப்படிவுப் பிரிகை வேண்டும்; மருந்து நூல்கள் அதைத்தான் கேட்கின்றன. இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

ஆனால் 48.6 சதவீதம் என்பது 0.1 சதவீதத்தைத் தேடும் நுட்பம் தேவைப்படும் எண்ணே இல்லை. மருந்தில் பாதியளவு அதுவாக இருந்தால், கரைப்பான் என்று ஊற்றப்பட்டதில் பெரும்பகுதி அந்த நஞ்சாகவே இருந்திருக்க வேண்டும். அதை எளிய ஐ.ஆர் காட்டியிருக்கும். கரைப்பான் பீப்பாய்கள் வந்து இறங்கும்போது ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் அதே சீட்டை ஒட்டக் கூடாது. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒரு சொட்டு வைரப் படிகத்தின் மேல். அரை நிமிடத்தில் திரையில் நிறமாலை எழும். 2970ஐ ஒட்டி மெத்தில் முகடு தெளிவாக நின்று, மீதியும் மேற்கோள் நிறமாலையோடு கோட்டுக்குக் கோடு பொருந்தினால் அந்தப் பீப்பாய் அடுத்த சோதனைக்குப் போகலாம். படிகத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அடுத்த பீப்பாயை உருட்டி வரச் சொல்லலாம்.